முழு மிதி

ஜூன் 9, திங்கள்

தனு தூங்கிவிட்டாள். கையில் இன்னும் டீசல் வாசம். சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடுகிறது. அந்தக் கையால்தான் அவளுக்குப் பருப்புச்சாதம் ஊட்டினேன். வயிற்றுக்கு ஏதாவது செய்யுமோ என்று இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மெக்கானிக்கல் படித்துவிட்டு இதுவா என்று அம்மா போனில் கேட்கிறாள். இதுதான். லாரிகள் புகைப் பரிசோதனைக்குக் கடைவாசலுக்கு வராது, நிறுத்த இடம் ஏது? அதனால் கடை லாரிகளிடம் போகிறது. ஜெகன் அண்ணனின் வேனில் மெஷின், கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் இருக்கின்றன. அவர் ஓட்டுகிறார், நான் டெஸ்ட் எடுக்கிறேன். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று ஒவ்வொரு நாளும் ஒரு லாரிப் பேட்டை. சைலன்சருக்குள் கம்பிக் குழாயை விட்டுவிட்டு, டிரைவரைப் பார்த்து "முழுசா மிதிங்க" என்று கத்த வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே மிதியில் அடிவரை மிதிக்க வேண்டும். இன்ஜின் தன் உச்ச வேகத்துக்குப் போய்த் தொட்டுத் திரும்ப வேண்டும். அந்த நேரத்துப் புகையைத்தான் மெஷின் அளக்கும்.

வேனின் கூரைக்கம்பியில் தனுவுக்குச் சேலைத் தொட்டில். ஜன்னல்களுக்கு ஈரத்துணி கட்டியிருக்கிறேன். பேட்டையில் எங்களுக்குப் பெயரே "தொட்டில் வேன்".

இன்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். "என்ற வண்டி புகை விடாதுங்க அம்மிணி. வயசாச்சுல்ல, பெருமூச்சு விடும். அவ்வளவுதான்." தொட்டிலில் தனு தூங்குவதைப் பார்த்ததும் தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டார். "பாப்பா எந்திரிச்சதும் பெயில் பண்ணிக்கோ."

ஜூன் 12, வியாழன்

பேட்டையில் ராஜாமணி என்று ஒரு மெக்கானிக். எந்நேரமும் காதில் பீடி, கையில் ஸ்பேனர். டீசல் பம்பில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் இன்ஜினுக்குள் டீசல் குறைவாகப் போகும், புகையும் குறையும். கூடவே இழுவையும் குறையும். வண்டி டெஸ்டுக்கு வரும்முன் ராஜாமணி குறைத்து வைப்பான். சான்று கைக்கு வந்ததும் பழையபடி ஏற்றிவிடுவான். லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

எனக்கும் சத்தத்தில் தெரிந்துவிடும். குறைத்து வைத்த இன்ஜின் உச்சிக்குப் போகாது, பாதியிலேயே தொண்டை கட்டின மாதிரி நின்றுவிடும். இன்று அப்படி வந்த இரண்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பினேன்.

"வாத்தியாரம்மா" என்று ஜெகன் அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "மெஷின் சொல்றதுதான் நம்ம சொல்லு. அதுக்கு முன்னால என்ன பண்ணுனான், பின்னால என்ன பண்ணுவான்னு நாம எட்டிப் பாக்கப்படாது."

"அப்பறம் எதுக்குங்ணா டெஸ்டு?"

"எதுக்கு? உனக்கும் எனக்கும் சோத்துக்கு."

ஜூன் 16, திங்கள்

இன்று பேட்டைக்கு இவரே வந்தார். வண்டியோடு.

இவர் ஓட்டுவது அர்த்தநாரி அண்ணனின் பன்னிரண்டு சக்கர வண்டி. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் என்று போய்விட்டு வருவார். தனு முதன்முதலாக நடந்தபோது போட்டிருந்த சிவப்பு ஷூவில் ஒன்றை முன்கண்ணாடிக்கு மேலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கண் படாமல் இருக்க.

"முழுசா மிதிங்க" என்றேன். மிதித்தார். குழாயிலிருந்து கரும்புகை பந்தாக வந்தது. இரண்டரைக்குள் இருக்க வேண்டிய அளவு மூன்றரையைத் தாண்டியது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். அதே மூன்றரை.

பேட்டையே திரும்பிப் பார்த்தது. "ஏம்ப்பா பூபதி, வூட்லயும் பெயிலு, ரோட்லயும் பெயிலா?" என்று யாரோ கத்த, சிரிப்பு அடங்கவே இல்லை. ஜெகன் அண்ணன் என் காதோரம் வந்து, பக்கத்தில் நின்ற புது வண்டியைக் கண்ணால் காட்டினார். குழாயை அதில் விட்டு, நம்பர் பிளேட் படத்தை மட்டும் இதில் எடுக்கலாமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அர்த்தநாரி அண்ணன் கோபப்படவே இல்லை. "சட்டம்னா சட்டந்தான் கண்ணு. சரி பண்ணிக் கொண்டாரச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் இவரிடம், "ராஜாமணிகிட்டக் காட்டலீங்களா?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட அந்த வேலை ஆகாதுன்னுதான் தொடாமக் கொண்டாந்தேன்."

பாயை எடுத்துக்கொண்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 17

முட்டைத்தோசை ஊற்றி வைத்தேன். தொடவில்லை. தனுவை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு மார்க்கு போடச் சொல்லு சாமி, அப்பா எவ்வளவு வாங்கியிருக்கேன்னு பாக்கலாம்" என்றார். அவள் சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்புதான்.

ஜூன் 18

இன்றும் அப்படியே. இரண்டு தட்டு, இரண்டு மூலை.

ஜூன் 19, வியாழன்

வண்டி மறுபடி வந்தது. பாஸ். அளவு ஒன்று புள்ளி மூன்று. அவ்வளவு பழைய வண்டிக்கு அது நல்ல எண். ஏர் ஃபில்டர் மாற்றியிருப்பார்கள், நாசில் சுத்தம் செய்திருப்பார்கள். மூன்று நாளில் அதெல்லாம் செய்யலாம்.

இன்ஜின் உச்சிக்குப் போகிறதா என்று சுற்றுவேகம் அளக்கிற கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. அது இல்லாமல் தொடரவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தொடர் என்று அமுக்கினேன். அந்தக் கிளிப் வாரத்தில் பாதி நாள் பிடிக்காது. வெயில் வேறு. தொட்டிலில் தனு அழுதுகொண்டிருந்தாள். சத்தம் எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

ராஜாமணி பக்கத்து வண்டியடியில் படுத்திருந்தான். வெளியே கால் மட்டும் தெரிந்தது.

இவர் புரோட்டா பார்சல் வாங்கி வந்தார். தனுவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஹார்ன் அடித்தார். "புள்ள, உன்ற கையெழுத்துல என்ற வண்டி. அழகாத்தான் இருக்குது" என்றார். மூன்று நாளுக்குப் பிறகு வீட்டில் சத்தம் கேட்டது.

ஜூலை 2, புதன்

தர்மபுரியிலிருந்து இவர் போன்.

"கேட்டியா கதைய? மொதலாளி ஸ்க்ரூவை ஏத்த வேண்டாம்னுட்டார்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, விளக்கிச் சொன்னார். அந்தக் குறைச்சலான அளவிலேயே ஒரு நடை போய் வந்ததில் டீசல் நன்றாக மிச்சமாகியிருக்கிறது. அர்த்தநாரி அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ராஜாமணியைக் கூப்பிட்டு, டிரைவர்கள் யாரும் தொடமுடியாதபடி ஸ்க்ரூவுக்குக் கம்பி சுற்றி ஈயத்தில் முத்திரை வைக்கச் சொல்லிவிட்டார்.

"லோடோட மேடு ஏறாதுங்கன்னேன். உன்ற சர்டிபிகேட்டை எடுத்து மூஞ்சிக்கு முன்னால காட்டறார். இந்த செட்டிங்லதான் உன்ற பொண்டாட்டியே பாஸ் பண்ணியிருக்குது, நீ என்ன அதுக்கு மேல படிச்சவனான்னு கேக்கறார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று இவர் வீட்டில். மத்தியானம் தனு தூங்கும்போது, துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு புள்ள. இது டெஸ்டுக்காகக் குறைச்சு வச்சது, இதோட லோடு ஏத்தப்படாதுன்னு. நீ படிச்சவ. நீ சொன்னா மொதலாளி கேப்பார்."

"அதைச் சொன்னா, அப்ப எப்படிப் பாஸ் பண்ணினேன்னு கேப்பாங்களேங்க."

அவர் என் சுடிதாரை மடித்து, ஓரம் நீவி, அலமாரியில் வைத்தார். "சரி, உடு."

சொல்லத்தான் போகிறேன். அடுத்த தடவை அர்த்தநாரி அண்ணன் பேட்டைக்கு வரும்போது. போனில் சொல்வதைவிட நேரில் சொல்வது நல்லது. எப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். டெஸ்ட் அளவு வேறு, ஓடுகிற அளவு வேறு என்று பொதுவாகச் சொல்லலாம். குறிப்பிட்டு இந்த வண்டி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அர்த்தநாரி அண்ணன் பேட்டைக்கு வந்தார், பருப்பும் வெல்லமும் அடைத்துச் சுட்ட ஆடித் தேங்காயோடு. தனுவின் கையில் ஒரு துண்டு கொடுத்தார். சொல்ல வாய்த்த நேரம்தான். தனு தேங்காயைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு இருமினாள். முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுத்து நிமிர்ந்தபோது அவர் கார் கிளம்பிவிட்டது.

ஜூலை 22

தனுவுக்குத் தடுப்பூசி. காய்ச்சல். நெற்றியில் துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். அர்த்தநாரி அண்ணனின் நம்பரை ஜெகன் அண்ணனிடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

நேற்று இவர் தொப்பூர் மேட்டைக் கடந்திருக்கிறார். முதல் கியரிலேயே.

"நடந்து போறவன் என்னைத் தாண்டிப் போறான் புள்ள. ஒரு கிழவி ஆட்டைப் புடிச்சுட்டுப் போகுது, திரும்பிப் பாத்து, வரட்டுமா கண்ணுங்குது. பின்னால பஸ்காரன் என்ற அம்மா வரைக்கும் இழுத்துட்டான். வண்டிதான் இழுக்கல."

"கட்டை வச்சிருக்கீங்கல்ல?"

"இருக்குது."

அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் முழுப் பாரத்தையும் பிடித்து நிற்காது. மேட்டில் நின்றுவிட்டால் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அதற்குக் கிளீனர் இருப்பார்கள். இப்போது டிரைவர்தான் எல்லாம்.

நாளைக்குக் கட்டாயம் போன் செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பள்ளிபாளையத்தில் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போனது. தனுவின் காலைத் தண்ணீரில் நனைத்தோம். கூட்டத்தில் தொலைந்துவிடுவாளோ என்று அவள் சட்டையை என் துப்பட்டாவோடு ஊக்கு போட்டுக் குத்திவிட்டேன். இவர் கேலி செய்துகொண்டே வந்தார். "லாரிக்குப் பின்னால ட்ரெய்லர் மாட்டுனாப்ல."

ஸ்க்ரூவைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை. போன் செய்தாயா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், லைன் கிடைக்கவில்லை என்று.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கருவேலங்கட்டை ஒன்றை அறுத்துச் சரிவாகச் செதுக்கினார். பழையது தேய்ந்துவிட்டதாம். தனு மரத்தூளை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள். நாளை ராத்திரி லோடு.

ஆகஸ்ட் 6

தர்மபுரி ஆஸ்பத்திரி. உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால்.

ஆகஸ்ட் 9, சனி

விரல்களையும் முன்பாதத்தையும் எடுத்துவிட்டார்கள். குதிகால் இருக்கிறது. "குதிகால் மிச்சம்" என்று டாக்டர் சொன்னபோது நல்ல செய்தி சொல்கிற முகமாக இருந்தது.

நடந்ததை இவர் எனக்கு ஒரு தடவைதான் சொன்னார். தொப்பூர் மேட்டில் பாதி ஏறும்போது முன்னால் போன டிராக்டர் நின்றது. இவரும் நிறுத்த வேண்டியதாயிற்று. மறுபடி கிளப்பினால் வண்டி நகரவில்லை. "முழு மிதி மிதிச்சேன் புள்ள. அடிவரைக்கும். உள்ள ஒண்ணுமே இல்ல." இன்ஜின் அணைந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுக் கட்டையோடு குதித்து ஓடினார். பின்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுக்கும்போது வண்டி பின்னால் வந்தது. கட்டை நின்றது. அதற்குள் காலும் அடியில் போய்விட்டது. கட்டை கொடுத்த பக்கமாக வண்டி திரும்பித் தடுப்புச்சுவரில் சாய்ந்து ஜவ்வரிசி மூட்டைகள் ரோட்டில் கொட்டின.

"வெள்ளை வெளேர்னு கொட்டிக் கெடந்துச்சு. மழை பேஞ்ச மாதிரி."

பின்னால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்ஷூரன்ஸ் விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கு வந்தார். கூடவே அர்த்தநாரி அண்ணன், ஆப்பிள் பையோடு. விசாரணைக்காரர் செல்போனில் என் சான்றைத் திறந்து வைத்துக்கொண்டார். கீழே என் பெயர். சவிதா பூபதி, பரிசோதகர்.

"ஜூன்ல டெஸ்ட் எடுத்தது நீங்கதானுங்களே மேடம். ரீடிங் அருமையா இருக்குது. அப்ப இன்ஜின் நல்ல கண்டிஷன்லதான் இருந்திருக்குது?"

"அதைத்தானுங்க நானும் சொல்றேன்" என்றார் அர்த்தநாரி அண்ணன். "வண்டியில ஒரு குத்தமும் இல்லீங்க. வூட்டுப் புள்ளையே பாத்துக் குடுத்த சர்டிபிகேட். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் கட்டிலிலிருந்து பேசினார்.

"கண்ணசந்துட்டேனுங்க சார். கியரைத் தப்பாப் போட்டுட்டேன். வண்டி நல்ல வண்டிங்க."

விசாரணைக்காரர் எழுதிக்கொண்டார். இவருடைய கனரக லைசென்ஸ் எப்படியும் போகத்தான் போகிறது, இந்தக் காலோடு. இனி அது இவர் தப்பால் போனதாக இருக்கும். அர்த்தநாரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஆப்பிளைத் தனுவிடம் கொடுத்தார். அவளுக்குத் தூக்க முடியவில்லை.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"நீ டெஸ்ட் எடுக்கற ஐடியையும் புடுங்கிட்டாங்கன்னா? ரெண்டு பேரும் உக்காந்துட்டா தனுவுக்கு யாரு பாலு வாங்கறது? விடு புள்ள."

நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை இவர் பார்த்தார். பார்த்ததனால்தான் முந்திக்கொண்டார். அது போதும்.

தனு அப்போது ஸ்டவ் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடத்தான் வாயைத் திறந்தேனோ என்னவோ. இப்போது சரியாக நினைவில்லை.

செப்டம்பர் 11

கட்டு பிரித்தாயிற்று. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஷூ ஒன்று சேலத்தில் செய்கிறார்களாம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பேட்டை முழுக்க லாரிகளுக்கு வாழைக்கன்று, சந்தனம், ஊதுபத்தி. எங்கள் வேனுக்கும் மாலை போட்டோம். மெஷினுக்குப் பொட்டு வைத்தேன். இவரைக் கூப்பிட்டேன். வரவில்லை.

எங்கள் வீட்டுப் பின்னால் பைபாஸ் பாலம். லோடு ஏற்றிய வண்டிகள் அந்த ஏற்றத்தில் திணறும். இவர் கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்கிறார்.

"இது நல்லா இருக்குது… இது பரவால்ல." ஒரு வண்டி இருமிக்கொண்டே ஏறியது. "மூச்சு முட்டுது பாரு. குறைச்சு வச்சுட்டு ஏத்தல. உன்றதா இருக்கும்."

குத்திக்காட்டவில்லை. சும்மாதான் சொன்னார். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு கருகிவிட்டது.

தனு ஒரு புது வார்த்தை பேசுகிறாள். பொம்மைக் காரைத் தரையில் தேய்த்துக்கொண்டு, "மிதி! மிதி!"

நவம்பர் 14

ஜெகன் அண்ணன் இப்போது என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிடுவதில்லை. சவிதா என்கிறார். வேனுக்கு வேலை கூடியிருக்கிறது. எங்களிடம் வந்தால் பெயிலாகித் திரும்பிப் போக வேண்டியதில்லை என்று பேச்சாம். தனுவுக்குச் சளி. ஈரத்துணியை இரண்டாக மடித்துக் கட்டினேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஆறு மாதம் முடிந்து அர்த்தநாரி அண்ணனின் வண்டி இன்று சான்றுக்கு வந்தது. முகப்பு புதிதாக மாற்றிப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பம்பில் ஈய முத்திரை அப்படியே இருந்தது.

டிரைவர் புதுப்பையன். ஓமலூர்க்காரன். ஏறி உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"முழுசா மிதிங்க" என்றேன்.

மிதித்தான். இன்ஜின் பாதி ஏறித் தொண்டை கட்டி நின்றது. தனு அழவில்லை. பக்கத்தில் வேறு வண்டி ஓடவில்லை. எல்லாம் நன்றாகக் கேட்டது. கிளிப் இல்லாமல் தொடரவா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

ஒன்று புள்ளி இரண்டு.

சான்றை வாங்கிக்கொண்டு பையன் தயங்கி நின்றான். "மேட்ல கொஞ்சம் இழுக்க மாட்டேங்குதுக்கா. உங்க டெஸ்ட்ல ஏதாச்சும் தெரியுதுங்களா?"

அர்த்தநாரி அண்ணன் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். ஜெகன் அண்ணன் அடுத்த வண்டிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல எல்லாம் சரியாத்தாங்க காட்டுது" என்றேன்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடுவதற்குள் இவர் கேட்டார். "நம்ம வண்டி வந்துச்சாமா?"

"வந்துச்சுங்க."

"ரீடிங்?"

சொன்னேன். இவர் பஞ்சு வைத்த ஷூவின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் யாரு?"

"ஓமலூர்ப் பையன். சின்ன வயசு."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"கேக்கலீங்க."

கேட்கத் தேவைப்படவில்லை. முன்கண்ணாடிக்கு மேலே தனுவின் சிவப்பு ஷூ இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதே கயிற்றில், அதன் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக ஒரு நீல ஷூ.